ஒரே பெயரில் இரண்டு உறைகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். என்னைப் பற்றி நன்றாக இல்லாததையும் எழுதுவேன். பிற்காலத்தில் யாராவது எடுத்துப் படித்தால் ஒரு வரியைக் காட்டி "இது பொய்" என்று சொல்லக் கூடாது.

என் பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில். ஒன்பதாம் வகுப்பு. அம்மாவின் பெயர் வடிவு. பக்கத்துக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். டாக்டர் எழுதும் மருந்தைச் சரிபார்த்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அப்பா அருணாசலமும் அதே படிப்புத்தான், அதே கல்லூரிதான். ஆனால் அவர் எங்கள் பள்ளிக்கு எதிரே ஸ்டேஷனரி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவருக்குச் சொந்தமாக மருந்துக்கடை இருந்ததாம். அது ஓடவில்லை.

எழுதத் தொடங்கக் காரணம், அம்மா தேர்தலில் நிற்கப் போகிறாள். எம்.எல்.ஏ. தேர்தல் இல்லை. மருந்தாளுநர்களுக்கென்று ஒரு கவுன்சில் இருக்கிறது. அதற்குத் தேர்தல்.

இன்று காலை ரெஜினா அக்கா வந்திருந்தார். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்ப்பவர்.

"யக்கா, நீங்க நின்னே ஆவணும்."

"எனக்கு மேடையேறிப் பேசல்லாம் வராது ரெஜினா."

"மேடையே கிடையாதுக்கா. எல்லாம் தபால்லதான். வாயே தொறக்காம ஜெயிக்கலாம்."

"அப்ப வடிவு தோத்துருவா," என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

போன மாதம் நடந்த ஒன்றை அம்மா அக்காவிடம் சொன்னாள். ஒரு பெண் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில்கூட விழுங்க முடியாமல் சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறார். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது. மருந்துக்கடையில் கவர் மேல் "தினம் 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பதினோரு நாள் விழுங்கியிருக்கிறார். அம்மா உடனே ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பி வைத்தாளாம்.

"அந்தக் கடையில மருந்தாளுநர் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"சர்டிபிகேட் இருந்துச்சு."

"எந்தக் கடை?"

"ஏதோ ஒரு கடை," என்று சொல்லி அம்மா சாம்பாரைக் கிளறினாள். சாம்பார் அப்போது அடுப்பில் இல்லை. இறக்கி வைத்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பிப்ரவரி 12, புதன்

அம்மாவின் சட்டப் புத்தகத்தை இரண்டு நாளாகப் படிக்கிறேன். சிறிய எழுத்து. புரிந்ததை எழுதுகிறேன்.

கவுன்சிலில் மொத்தம் பதினைந்து பேர். ஆறு பேரைப் பதிவு பெற்ற மருந்தாளுநர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து பேரை அரசு நியமிக்கிறது. மருத்துவர்களின் கவுன்சிலில் இருந்து ஒருவர். மீதி மூன்று பேர் தங்கள் பதவி காரணமாகவே உறுப்பினர்கள். ஐந்து வருடம் பதவி. தலைவரை உறுப்பினர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். யார் மருந்தாளுநர் என்று பதிவேட்டில் சேர்ப்பதும், தப்புச் செய்தால் பெயரை நீக்குவதும் கவுன்சிலின் வேலை. பெயர் நீங்கினால் மருந்து கொடுக்க முடியாது.

"ஐந்து பேரை அரசு நியமிக்கும்னு போட்டிருக்கே. அரசுக்கு யாரு சொல்லுவா இவங்களை நியமிங்கன்னு?" என்று கேட்டேன்.

"அந்தக் கேள்வியை சட்டத்துல எழுதல," என்றாள் அம்மா.

"அப்ப ஆறுதான் நம்ம கையில இருக்கு."

"அந்த ஆறும் நம்ம கையில இருக்கான்னுதான் பாக்கணும்."

என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் குக்கர் விசில் அடித்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பா ராஜபாளையம் போய் வந்தார். மாதம் ஒரு ஞாயிறு பேப்பர் சரக்கு எடுக்கப் போவார். இந்தத் தடவை பேப்பர் இல்லை, பால்கோவா மட்டும். அம்மா தொடவில்லை. முழுவதையும் நானே தின்றேன். இது பெருமையான விஷயம் இல்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அம்மாவுக்கு இலாகா அனுமதி வந்துவிட்டது. மனுவும் போட்டாயிற்று. ஆறு இடத்துக்குப் பத்தொன்பது பேர் நிற்கிறார்கள். மருந்துக்கடை முதலாளிகளின் சங்கம் ஆறு பேரை நிறுத்தியிருக்கிறது. முதலாளிகளுக்கு ஓட்டுக் கிடையாது, அவர்களில் பலர் மருந்தாளுநர்களே இல்லை. பிறகு எப்படி ஆறு பேரை நிறுத்துகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளி விட்டதும் அப்பா கடையில் துண்டறிக்கை அடித்தோம். அம்மா ஒரே வரிதான் எழுதிக் கொடுத்திருந்தாள்: "சான்றிதழ் மாட்டியிருக்கும் கடையில் மருந்தாளுநரும் இருக்க வேண்டும்." அப்பா வேகமாக டைப் அடிப்பவர், பிழையே வராது. இந்த வரியில் மூன்று பிழை வந்தது. எழுத்துரு சரியில்லை என்றார். எழுத்துரு எப்போதும் உள்ளதுதான்.

மார்ச் 2, ஞாயிறு

வாக்காளர் பட்டியல் வந்துவிட்டது. மூன்று மாவட்டத்துக்கு அம்மாவும் ரெஜினா அக்காவும் நானும் பிரித்துக்கொண்டு அஞ்சலட்டையில் முகவரி எழுதுகிறோம். இன்று மட்டும் நூற்று நாற்பது எழுதினேன். நடுவிரலில் பள்ளம் விழுந்துவிட்டது.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். நிறையப் பேர் வீட்டு முகவரி தருவதில்லை, மருந்துக்கடை முகவரியைத்தான் தந்திருக்கிறார்கள். ஒரே கடையில் நான்கு பேர்கூட இருக்கிறார்கள். அந்தக் கடையை நான் பார்த்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெட்டிக்கடை அளவு. நான்கு பேர் உள்ளே நின்றால் மூச்சுவிட முடியாது. அக்காவிடம் கேட்டேன்.

"பேரு நாலு நிக்கும் ஆவுடை. ஆளு ஒருத்தரும் நிக்க மாட்டாரு," என்றார்.

"அப்ப அவங்களுக்கு ஓட்டுச்சீட்டு?"

"கடைக்குத்தான் போவும். கடைக்காரர் வாங்கி வச்சுக்குவாரு. சங்கத்துல இருந்து வந்து கட்டாக் கொண்டு போயிருவாங்க. ஆருக்கு டிக் போடணும்னு அவங்களுக்குத் தெரியும்."

முதலாளிகளுக்கு ஓட்டு இல்லாமலே ஓட்டு இருப்பது இப்படித்தான்.

மாலையில் இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அப்பாவின் பெயருக்கு எதிரே முகவரி தவறாக அச்சாகியிருக்கிறது. "சு. அருணாசலம், தவசி மெடிக்கல்ஸ், ராஜபாளையம்" என்று இருக்கிறது. அச்சுப் பிழை. எவ்வளவு பெரிய பட்டியல், பிழை வரத்தான் செய்யும். அம்மா தேர்தலில் அப்பாவின் ஓட்டே வீணாகிவிடக் கூடாது. நானே இதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லப் போகிறேன்.

மார்ச் 17, திங்கள்

அம்மாவின் ஓட்டுச்சீட்டு பதிவுத் தபாலில் வந்தது. சீட்டு ஒன்று, அதைப் போட்டு ஒட்ட ஒரு சிறிய உறை, பதிவு எண் எழுதிக் கையெழுத்துப் போட ஓர் உறுதிமொழிப் படிவம், எல்லாவற்றையும் வைத்து அனுப்ப ஒரு பெரிய உறை. நான் நினைத்தபடியே அப்பாவுக்கு வரவில்லை.

"உங்களுக்கு வரலையேப்பா?"

"வரும் வரும்," என்று அப்பா ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து உள்ளே பார்க்க ஆரம்பித்தார். மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, புதன்

சீட்டுக் கிடைக்காதவர்கள் விண்ணப்பித்தால் இரண்டாவது சீட்டு அனுப்புவார்களாம். விதியில் இருக்கிறது. நானே விண்ணப்பம் எழுதி, வீட்டு முகவரி போட்டு, ரேஷன் கார்டு ஜெராக்ஸ் வைத்தேன். சாரணர் முகாம் அனுமதித் தாள், திருப்புதல் தேர்வு மதிப்பெண் தாள், இந்த விண்ணப்பம், மூன்றையும் சேர்த்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் போனில் பேசிக்கொண்டே மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். கணக்கில் நாற்பத்திரண்டு என்பதைக்கூடப் பார்க்கவில்லை.

பள்ளிக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

நடந்தபடி எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் இதையும் எழுதுகிறேன்.

மதியம் அப்பாவின் இரண்டாவது சீட்டு வந்தது. ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா உட்கார்ந்தார். உறையைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே இருந்தார்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

நான் பெருமையாகச் சொன்னேன். அச்சுப் பிழையைக் கண்டுபிடித்தது, விண்ணப்பம், கையெழுத்து எல்லாம்.

"என்னன்னு சொல்லிக் கையெழுத்து வாங்கக் கூடாதா தாயி..."

"ஏங்க," என்றாள் அம்மா. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள். "அவளை எதுக்குச் சொல்லுதீக? யாரு ஒரு தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவீக. அது உங்க குணம்."

அம்மா என் விண்ணப்பத்தை மட்டும் சொல்லவில்லை என்று தோன்றியது. அப்பா என்னைத் திட்டவில்லை. மூன்று தோசை சாப்பிடுபவர் ஒன்றோடு எழுந்துவிட்டார். அது அச்சுப் பிழை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பட்டியலில் இருந்த அந்த ராஜபாளையம் கடையின் முதலாளி, தவசி அண்ணாச்சி வந்திருந்தார். இந்தத் தடவை அவர் கொண்டுவந்த பால்கோவாவை நானும் தொடவில்லை.

நல்ல வெள்ளை வேட்டி. என்னைப் பார்த்து "நல்லாப் படிக்கியா தாயி?" என்றார். உட்கார்ந்ததும் அம்மாவிடம் பேசினார்.

"என்ன தங்கச்சி, எலெக்‌ஷன்ல நிக்குதீகளாம். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொன்னா ஓட்டா போடப் போறீக அண்ணாச்சி? நீங்க ஃபார்மசிஸ்ட் இல்லையே."

"அது சரி, அது சரி," என்று சிரித்தார். "நான் வெறும் கடைக்காரன். அருணாசலம் போன் பண்ணுனாரு, ரெண்டாவது சீட்டு வந்திருக்குன்னு. அதான் வந்தேன். மொதச் சீட்டு நம்ம கடைக்குத்தான வந்துச்சு. சங்கத்துல மொத்தமா வாங்கிட்டுப் போயிட்டாக. எப்பவும் உள்ளதுதான. இப்ப ரெண்டும் ஒண்ணா எண்ணுற மேசைக்குப் போனா கேள்வி வரும்லா?"

"வந்தா பதில் சொல்லிட்டுப் போறது."

"பதில் சொன்னா மொதல்ல போறது உங்க வீட்டுக்காரர் சர்டிபிகேட். பொறவு என் கடை. கடைசியில உங்க எலெக்‌ஷன். மூணு பேருக்கும் நட்டம். அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டா ஒருத்தருக்கும் நட்டமில்ல."

அப்பா கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "தங்கச்சி, நான் ஒண்ணும் வேணும்னு செய்யல. எங்க பக்கம் முழு நேரத்துக்கு ஆளு கெடைக்க மாட்டேங்கான். பூட்டிட்டா அந்தத் தெருவுல சுகர் மாத்திரைக்கு எங்க போவாக?"

அம்மா எழுந்து போய்த் தன் கைப்பையை எடுத்து வந்தாள். உள் ஜிப்பில் இருந்து நான்காக மடித்த ஒரு பில்லை எடுத்து அவர் முன்னால் விரித்து வைத்தாள்.

"இது யாரு கடை பில்லு அண்ணாச்சி?"

அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம கடைதான்."

"கீழ ஃபார்மசிஸ்ட்னு யாரு பேரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு அவுக இங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மேப் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்துட்டு இருந்தாக. அங்க அவுக பேருல தினம் ஒண்ணுன்னு எழுதிக் குடுத்திருக்கு. அந்தம்மா ஒரு வாய் கஞ்சி முழுங்க பதினாறு நாளாச்சு."

"அந்த ஆளை அன்னைக்கே நிறுத்திட்டேன் தங்கச்சி."

"நான் அவனைச் சொல்லல."

அப்பா அந்தப் பில்லை இப்போதுதான் முதல் தடவை பார்க்கிறார் என்பது அவர் குனிந்த விதத்திலேயே தெரிந்தது. அம்மா அதை இரண்டரை மாதமாகக் கைப்பையில் வைத்திருந்திருக்கிறாள். தினமும் அந்தப் பையோடுதான் வேலைக்குப் போய் வந்திருக்கிறாள்.

அண்ணாச்சி காபியைக் குடிக்காமல் போய்விட்டார். குடை மறந்துவிட்டது என்று திரும்பி வந்தார். அம்மா குடையை எடுத்துக் கொடுத்து, "பஸ்ல கூட்டமா இருக்கும், முன்வாசல் வழியா ஏறுங்க," என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

அப்பாவோடு கடையில் இருந்தேன். கூட்டம் இல்லாத நேரம் அவராகவே சொன்னார்.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி கடையை மூடுனேம்லா. அன்னைக்கு தவசி அண்ணாச்சி வந்து, சும்மா கெடக்கிற சர்டிபிகேட்டை என் கடையில மாட்டிக்கிடுதேம்பான்னு கேட்டாரு. மாசம் ஒரு கவர் குடுத்தாரு. அந்த நேரத்துல அது இல்லன்னா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்போம். உங்கம்மாவுக்கும் தெரியும். வேண்டாம்னுதான் சொன்னா. அடுத்த வருஷம் எடுத்துருவேன்னேன். வருஷா வருஷம் அதையேதான் சொன்னேன்."

நான், "பேரை நீக்குற முப்பத்தாறாம் பிரிவுல..." என்று ஆரம்பித்தேன்.

"ஏட்டி, கொஞ்ச நேரம் பிரிவைச் சொல்லாம இரு," என்றார். ஆனால் கோபமாக இல்லை. ஒரு பையன் கிராஃப் தாள் கேட்டு வந்தான். அப்பா எடுத்துக் கொடுத்தார். அவன் போன பிறகு, "மூட்டு வலின்னு சொன்னாள்லா உங்கம்மா? அந்தம்மாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அப்பா சீட்டில் டிக் போட்டார். ரகசிய வாக்கு என்பதால் நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெரிய உறையை ஒட்டியதும் அவரே தபால் நிலையத்துக்கு நடந்து போனார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அப்பா ராஜபாளையம் போய், சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தோடு தினத்தாளில் சுற்றி எடுத்து வந்தார். அண்ணாச்சி தடுக்கவில்லையாம். ஏணியைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, ஆள் கிடைக்கும் வரை பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றாராம். ஒரு பெரியவர் மருந்துச் சீட்டோடு வந்து ஷட்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாராம். அதைச் சொல்லும்போது அப்பா யாரையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

தமிழ்த் தேர்வு. நெடுவினா நன்றாக எழுதினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கணக்கு. எழுத விரும்பவில்லை. ஆனால் எழுதுவேன் என்று சொல்லியிருப்பதால்: ஐந்தாவது கேள்வியைத் தொடவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஓட்டு எண்ணிக்கை மே 5, சென்னையில். விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போகிறார்கள். ரெஜினா அக்கா போனில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா மெதுவாகப் பேசத் தெரியாதவர். "அண்ணன் பேருல ரெண்டு உறை வந்தா ரெண்டையும் தள்ளிருவாங்கக்கா. பேசாம இருங்க. நீங்களும் பேச வேண்டாம், சங்கத்துக்காரனும் பேச மாட்டான். ஒரு ஓட்டுப் போவும், அவ்வளவுதான். அண்ணன் தப்பிச்சுருவாரு, உங்க பேரும் கெடாது."

அம்மா "சரி, வைக்கேன்," என்றாள். எதற்குச் சரி என்று தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன், எழுத்து ஆடுகிறது. புளியோதரை. ராஜபாளையத்தில் வண்டி நின்றபோது அப்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பும் வரை கட்டினார்.

மே 5, திங்கள்

எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

எண்ணிக்கை முதல் மாடியில் ஒரு நீளமான ஹாலில் நடந்தது. வேட்பாளர்கள் மட்டும் உள்ளே. அப்பாவும் நானும் வாசலுக்கு வெளியே பெஞ்சில். வெக்கைக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்ததால் எல்லாம் தெரிந்தது, கேட்டது. தேர்தல் அலுவலர் ஓர் அம்மையார். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார்.

முதலில் ஓட்டை எண்ண மாட்டார்கள். பெரிய உறையைப் பிரித்து, உறுதிமொழிப் படிவத்தைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சரியானதைச் சிறிய உறையோடு அடுக்கி வைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் சிறிய உறைகள் பெட்டிக்குப் போகும். அதற்கே மதியம் ஆகிவிட்டது. பதினொன்றரை மணி இருக்கும், எழுத்தர் படித்தார்:

"சு. அருணாசலம். ஒரே பெயர்ல ரெண்டு உறை வந்திருக்கு மேடம்."

"ரெண்டும் தள்ளுபடி. அடுத்தது."

"ஆமா மேடம், அடுத்தது," என்றார் சங்கத்தின் வேட்பாளர் ஒருவர், மிக வேகமாக.

எழுத்தர் அடுத்த உறையை எடுத்துவிட்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஒன்றும் நடக்காது, ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

அம்மா வகுப்பில் கை தூக்குவதைப் போலக் கையைத் தூக்கினாள்.

"மேடம், ஒரு நிமிசம். மொத உறையில இருக்கிற கையெழுத்து அவருது இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் அவுக சம்சாரம்."

ஹாலில் சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை. "சம்சாரம் சொன்னாப் போதாதும்மா. வாக்காளர் எழுதிக் கொடுக்கணும். ஊர்ல இருக்காரா?"

"வெளிய பெஞ்சில இருக்காக."

"கூப்பிடுங்க."

"நான் கூப்பிட மாட்டேன் மேடம்." அம்மா கையில் இருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "உள்ள வந்து உண்மையைச் சொன்னா அவுக பதிவு போயிரும். அதை நான் முடிவு பண்ண முடியாது. அவுகதான் பண்ணணும்."

அம்மா வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா தண்ணீர் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். "மூடியை இறுக்கி வையி, சிந்திரும்," என்றார். எழுந்து சட்டையை உள்ளே செருகிக்கொண்டு ஹாலுக்குள் போனார்.

"நான்தான் மேடம் அருணாசலம்."

"முதல் உறை ராஜபாளையத்துல ஒரு மருந்துக்கடை முகவரிக்கு அனுப்பினது. அங்கதான் வேலை பாக்கறீங்களா?"

"ஒரு நாள்கூடப் பாத்ததில்ல."

"சான்றிதழ்?"

"போன மாசம் வரைக்கும் அங்கதான் தொங்குச்சு. எட்டு வருசமா."

"இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம். என் பேருல அங்க ஒரு தப்பு நடந்திருக்கு. ஒரு அம்மாவுக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டாக. அதையும் எழுதித் தாரேன்."

ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அப்பா ஒன்றரைப் பக்கம் எழுதினார். வெள்ளைத் தாளில் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இரண்டாவது உறையில் இருந்ததும் அதுவும் ஒன்றாக இருந்தன. முதல் உறையில் இருந்தது அப்பாவின் பெயர்தான், அப்பாவின் எழுத்து இல்லை.

அதன் பிறகு அலுவலர் அந்த முதல் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மற்ற படிவங்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார். அதே கை எழுதியவை ஒவ்வொன்றாக வந்தன. வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர், எல்லாவற்றிலும் அதே சாய்ந்த எழுத்து. முப்பத்தெட்டு. சங்கத்தின் வேட்பாளர் எழுந்து ஏதோ சத்தம் போட்டார். "எழுத்து மூலமாக் கொடுங்க, பதில் தர்றேன்," என்று சொல்லிவிட்டு அலுவலர் அந்த முப்பத்தெட்டையும் தனியே கட்டி அரக்கு வைத்தார்.

அப்பா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பாட்டில் காலியாகும் வரை குடித்தார்.

முடிவு வர ஐந்தே முக்கால் ஆனது. பலகையில் வரிசையாக எழுதினார்கள். அம்மா ஆறாவது. ஏழாவதாக வந்தவரை விடப் பத்தொன்பது ஓட்டு அதிகம். ரெஜினா அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் அலறியதில் பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

எல்லாரும் போன பிறகு அப்பாவும் நானும் ஹாலுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தோம். அலுவலர் அம்மாவைக் கூப்பிட்டார். "அரசிதழ்ல அறிவிப்பு வந்ததும் முதல் கூட்டம் போடுவாங்க. உங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தது அந்தக் கூட்டத்துக்கு வரும். அதை எடுக்கும்போது நீங்க எழுந்து வெளியே போயிரணும். தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

அலுவலர் போய்விட்டார். அம்மா அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையில் இருந்து அப்போதுதான் உட்கார்வதைப் போல உட்கார்ந்தாள். பிறகு அப்பா பலகையைப் பார்த்தபடியே கேட்டார்.

"வெளிய போக வேண்டாம், உள்ளயே இருக்கலாம்னு விதி இருந்தா நீ என்ன சொல்லிருப்ப வடிவு?"

"பேரை நீக்கச் சொல்லிருப்பேன்."

"எத்தனை வருசத்துக்கு?"

"எட்டு."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு மெல்லச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் தன் கைப்பையைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு, தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

காக்கிச் சட்டை போட்ட ஊழியர் வந்து பலகையைத் துடைத்தார். மின்விசிறிகளை நிறுத்தினார். பிறகு அந்தக் கோடியில் இருந்து ஒவ்வொரு வரிசையாக விளக்குகளை அணைத்துக்கொண்டு வந்தார்.